பழைய பிக்கப்பில் 'ஊய்ய்' சத்தமா? கோளாறு எங்கே என்று ஓட்டுநரே கண்டுபிடிக்கலாம்!

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் திருக்காட்டுப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் பழைய பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை, நடுவில் வாழைத்தார் லோடு என்று பூதலூர், திருவையாறு, கல்லணை சாலைகளில் ஓடிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் உழைத்த வண்டியில் ஒருநாள் 'ஊய்ய்ய்...' என்று மெல்லிய ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும்.

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தானே செய்யும்" என்று பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் ஒருபக்கம். "கியர் பாக்ஸ் போச்சுண்ணே" என்று யாரோ சொன்னதை நம்பிப் பிரித்து, செலவு செய்த பிறகும் அதே சத்தத்தோடு வீடு திரும்புபவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகையில் உயிருக்கு ஆபத்து, இரண்டாவது வகையில் பணத்துக்கு நஷ்டம். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நிற்கும்போதும் சத்தம் வருகிறதா?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதியுங்கள். அப்போதே ஊளை கேட்டால் கோளாறு பின்பக்கம் இல்லை. ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப், பெல்ட் டென்ஷனர் ஆகியவை முதல் சந்தேகம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் சத்தம் கூடினால் பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். டர்போ உள்ள வண்டியில் லோடு இழுக்கும்போது விசில் சத்தம், கரும்புகை, இழுவைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் காற்றுக்குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து கிளட்ச் சோதனை. நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

ஓடும்போது மட்டும் வந்தால்?

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், காலி வண்டியை மணிக்கு 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிடுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் குறைந்துவிடும்.

எஞ்சின் வேகம் இறங்கியதும் சத்தமும் இறங்கினால் கோளாறு முன்பக்கம். எஞ்சின் அடங்கிய பிறகும் வண்டி வேகத்துக்கு ஏற்ப ஊளை தொடர்ந்தால் கோளாறு டிஃபரன்ஷியல், சக்கர பேரிங், டயர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரே வேகத்தில் கியரை மாற்றியும் பார்க்கலாம். பல பழைய பிக்கப்புகளில் நான்காவது கியர் 'நேரடி' கியர். அதில் எஞ்சின் சுழற்சி துணைத்தண்டின் வழியாகப் போகாமல் நேராகப் பின்னால் போகும். மற்ற கியர்களில் கேட்கும் ஊளை நான்காவதில் மறைந்தால், கியர் பாக்ஸைப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. எல்லா கியரிலும் ஒரே மாதிரி கேட்டால் கியர் பாக்ஸைத் தொடாமல் பின்னால் பாருங்கள்.

கிரவுன் பினியன் ஏன் ஊளையிடுகிறது?

எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடுவது கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள். உதாரணத்துக்கு, கிரவுனில் 41 பற்கள், டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 8 முறை சுற்றும். அப்படியானால் நொடிக்கு 330 முறைக்கு அருகில் பல்லோடு பல் சேரும். பற்கள் சரியாகப் பொருந்தியிருந்தால் இது காதில் விழாது. தேய்ந்தாலோ இடைவெளி மாறினாலோ ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு சிறு அடி. அந்த அடிகள் சேர்ந்துதான் 'ஊய்ய்'. வேகம் கூடினால் சுருதியும் கூடுவது இதனால்தான்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளை கேட்டால் பல்லின் இழுக்கும் பக்கம் தேய்ந்திருக்கலாம். காலை எடுத்ததும் கேட்டால் பினியன் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டிலும் மாறாமல் கரகரவென்று கேட்டால் பேரிங்கைப் பாருங்கள்.

சக்கர பேரிங் ஊளையிடாது, 'ம்ம்ம்' என்று முனகும். இடப்பக்கம் வளைக்கும்போது முனகல் கூடினால் வலப்பக்க பேரிங் மீது சந்தேகம், வலப்பக்கம் என்றால் இடது. சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர் சத்தம்தான்.

டெல்டாவில் கூடுதல் எதிரி தண்ணீர்

நெடுந்தூரம் ஓடிச் சூடான வண்டியை உடனே வாய்க்காலில் இறக்குவதும் ஆற்றில் விட்டுக் கழுவுவதும் இங்கே சகஜம். சூடான ஆக்ஸில் திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் பிரீதர் துளை வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆயிலோடு தண்ணீர் கலந்தால் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் பாதுகாப்பு போய்விடும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டிஃபரன்ஷியலின் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும். டீ நிறத்தில் பால்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆயிலை மாற்றும்போது மெல்லிய உலோகப் பசை தெரிந்தால் அது சாதாரணத் தேய்மானம். செதிலோ துண்டோ வந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஊற்றும் ஆயில் வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட தரத்தில் இருக்க வேண்டும். இந்த வகைப் பற்களுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தர கியர் ஆயில்தான் சொல்லப்படும்.

இன்னொரு காரணம் ஓவர்லோடு. 2005-ல் வந்த டாடா ஏஸ், நம்மூர் 'குட்டி யானை', சுமக்கக்கூடியது சுமார் 750 கிலோ. 40 கிலோ நெல் மூட்டை என்றால் 18 மூட்டை. "இன்னும் ரெண்டு போடுப்பா" என்று ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் பினியன் பல் மீதுதான் உட்காரும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தயாரிக்கப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றினால் புதுச் செட்டும் ஊளையிடும். மாற்றும்போது பல் இடைவெளியை டயல் கேஜில் அளந்தார்களா, பற்களில் சாயம் தடவிப் பதிவு பார்த்தார்களா என்று கேளுங்கள். பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் சீக்கிரம் மாற்றிவிடுவதே லாபம். விட்டுவைத்தால் பினியன் ஆடி, கிரவுனையும் தின்றுவிடும். முற்றிப்போனால் ஓடும்போதே பின்சக்கரம் இறுகி நின்று, லோடோடு வண்டி நிலைதடுமாறும்.

மெக்கானிக்கிடம் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் வளைக்கும்போது என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். தேவையில்லாமல் கியர் பாக்ஸைப் பிரிக்கும் செலவு அந்தச் சீட்டால் மிச்சமாகும்.