இரண்டடி ஆழம் யாருக்காக?

படுக்கையறையில் துணி அலமாரி செய்யத் தச்சரை அழைத்தால், உயரமும் அகலமும் சுவரைப் பார்த்து முடிவாகும். ஆழத்தை மட்டும் யாரும் விவாதிப்பதில்லை. இரண்டடி என்று குறித்துவிடுவார்கள். அதற்கு ஒரு நியாயம் உண்டு. சட்டை மாட்டும் ஹேங்கரின் அகலம் 17, 18 அங்குலம். மாட்டிய சட்டையின் கைகள் அதற்கும் வெளியே சற்று நீளும். கதவு சாத்தும்போது துணி நசுங்காமலிருக்க உள்ளே 21, 22 அங்குலமாவது வேண்டும். பின்பலகையும் கதவும் சேர்ந்தால் இரண்டடி ஆகிவிடும். கோட்டும் கவுனும் நிறைந்த வீட்டுக்கு இது கச்சிதமான அளவு. நம் வீடுகளிலோ புடவை, வேட்டி, லுங்கி, துண்டு, போர்வை என்று பாதிக்கு மேல் மடித்து வைப்பவை. மடித்த துணிக்கு 14 முதல் 16 அங்குல ஆழம் தாராளம். ஆகவே படம் போடுமுன் வீட்டிலுள்ள துணிகளை மடிப்பவை, மாட்டுபவை என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி ஆழம் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஆழம் மிகுந்த தட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்வரிசைக்குப் பின்னால் எட்டு அங்குலம் மிஞ்சும். அங்கே இன்னொரு வரிசை தானாக உருவாகிவிடும். பின்னாலிருப்பதை எடுக்க முன்னாலிருப்பதைக் கலைக்க வேண்டும், அல்லது அதை மறந்துவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. காற்றும் அங்கே போவதில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டி நிற்கும் அலமாரியில் பூஞ்சை முதலில் பிடிப்பது இந்தப் பின்மூலையைத்தான். கஞ்சி போட்ட பருத்தித் துணியைத் தேடி வரும் வெள்ளிமீன் பூச்சிக்கும் ஈரமும் இருட்டும்தான் பிடிக்கும். அதற்கென்று நாப்தலீன் உருண்டையைக் கீழ்த்தட்டில் போட்டு வைப்பதால் பயன் குறைவு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழ்நோக்கி இறங்குவது. ஆகவே துணிப்பையில் கட்டி மேலே வைக்க வேண்டும், சரிகையில் படாமல். கைக்குழந்தையின் துணி இருக்கும் அலமாரியில் அது வேண்டவே வேண்டாம்.

மாட்டும் பகுதியிலும் இதே கணக்குப் பிழை நடக்கிறது. 'புடவை மாட்ட' என்று சொல்லி ஐந்தடி உயரத்துக்கு ஒரு அறையை வெறுமையாக விடுவார்கள். புடவையின் அகலமே ஏறக்குறைய 45 அங்குலம்தான். அதை ஹேங்கர் கம்பியின்மேல் பாதியாகப் போட்டால் இரண்டடிக்கும் குறைவாகத்தான் தொங்கும். சட்டைக்கு 40 அங்குலம் போதும். ஏழடி அலமாரியில் மேலும் கீழுமாக இரண்டு கம்பி போட்டால் அதே அகலத்தில் இருமடங்கு துணி மாட்டலாம். நீளமான சுடிதார், அனார்கலி வகைக்கு மட்டும் ஒடுக்கமான ஒரு நெடும்பகுதி இருந்தால் சரி. தட்டுகளின் நீளத்திலும் கவனம் வேண்டும். பலகை முழுவதும் சீராகப் பாரம் ஏற்றும்போது, தாங்கல்களுக்கு நடுவே உள்ள தூரம் இரட்டிப்பானால் தொய்வு பதினாறு மடங்காகும். பட்டுப்புடவைகள் அடுக்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டு இரண்டரை அடியைத் தாண்டாமலிருப்பது நல்லது. தாண்டினால் நடுவில் ஒரு குத்துப்பலகை கொடுத்துவிடலாம்.

எட்டுக்கு நான்கடி பிளைவுட்டை இரண்டடியாக அறுத்தால் வீணாகாது, அதனால்தான் அந்த அளவு என்று தச்சர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அதே நான்கடியில், அறுவையில் போகும் சில மில்லிமீட்டர் நீங்கலாக, 16 அங்குலத் துண்டு மூன்று கிடைக்கும். குழந்தை வளரும், உடை மாறும், இன்றைய கணக்கு நாளை பொருந்துமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. பதில், தட்டுகளை ஆணியடித்து நிரந்தரமாக்காமல் இருப்பது. 32 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு, சிறு முளைகளில் தட்டை உட்காரவைக்கும் முறை மாடுலர் அலமாரிகளில் நெடுங்காலமாக உள்ளது. பின்வரிசையை இழுப்பறையால் முன்னுக்குக் கொண்டுவரலாமே என்பாரும் உண்டு. கொண்டுவரலாம்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி சேனல் வாங்கும் செலவுக்குத் துணிந்தால். உள்ளாடைக்கும் கைக்குட்டைக்கும் இரண்டு இழுப்பறை போதும்.

ஒரே அலமாரியில் இரண்டு ஆழம் என்றால் முகப்பு மேடும் பள்ளமுமாகத் தெரியாதா? தெரிய வேண்டியதில்லை. கூடு முழுவதும் இரண்டடியாகவே இருக்கட்டும். மடிப்புப் பகுதியில் மட்டும் தட்டுகள் பின்பலகையிலிருந்து 16 அங்குலத்தோடு நிற்கட்டும். முன்னால் மிஞ்சும் இடத்தில், கதவின் உட்புறமாகவே வளையல் தாங்கியும் பெல்ட், துப்பட்டா மாட்டும் கொக்கிகளும் பொருத்தலாம். கதவு கனக்கும் என்பதால் கீல் ஒன்று கூடுதலாக வேண்டும். தள்ளுகதவு வைத்தால் இந்த வசதி கிடைக்காது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடிகூட இல்லாத அறைகளில் தள்ளுகதவைத் தவிர்க்க முடியாது. அங்கே மடிப்புத் துணிக்கென்று 16 அங்குல ஆழத்தில் தனி அலமாரி ஒன்றை வேறொரு சுவரில் அமைத்துக்கொள்ளலாம்.