மலைவீட்டுக்கு வந்த நாய்க்குட்டி

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு போன்ற ஊர்களில் நாய் செல்லத்துக்காக மட்டும் வளர்வதில்லை. சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினாலும், ராத்திரியில் ஆட்டுப்பட்டியை ஏதாவது சுற்றி வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். இந்தக் காவல்காரனை யாரும் காசு கொடுத்து வாங்குவதும் குறைவு. உறவுக்காரர் வீட்டிலோ பக்கத்து ஊரிலோ குட்டி போட்டிருக்கும். ஒன்றைத் தூக்கி வருவார்கள். வந்த அன்றே கயிற்றில் கட்டிக் கொட்டகை ஓரத்தில் விடுவதும் உண்டு. அப்படிப் பழக்கினால்தான் காவலுக்கு ஆகும் என்பது பலரின் நம்பிக்கை. அது தவறு. குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதம் மனிதரோடு ஒட்டி வளர்ந்தால்தான் நல்ல காவல் நாய் கிடைக்கும்.

கண் திறந்து தள்ளாடி நடக்க ஆரம்பித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. எட்டு வாரம் அது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதை அங்கேதான் அது கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால், உடன் விளையாடும் குட்டி கத்திவிட்டு விலகிப் போகும். இந்தப் பாடம் கிடைக்காமல் வந்த குட்டிதான் பின்னால் பிள்ளைகளின் கையையும் காலையும் பதம் பார்க்கும்.

முதல் சில இரவுகள் அழும். தாயின் சூட்டில் தூங்கிப் பழகியது திடீரென்று தனியாகக் கிடக்கிறது, அதனால்தான். தாய் படுத்திருந்த சாக்கையோ துணியையோ கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, யாராவது படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விரித்துப் போடுங்கள். மார்கழி, தை மாதக் குளிரில் குட்டியை வெளியே விடவே கூடாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மலைப்பக்கம் சிறுத்தை நடமாடும் இடம். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை புகுந்து, பிறகு பிடிபட்டது. சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. கட்டிப்போட்ட குட்டியால் ஓடவும் முடியாது. வளர்ந்த நாயையும் ராத்திரியில் அடைப்புள்ள இடத்தில் வைப்பதே நல்லது.

சிறுநீர், மலம் கழிக்கப் பழக்குவதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். போய் முடித்ததும் தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதால் அது கற்பது ஒன்றுதான்: மனிதரைக் கண்டு பயப்படுவது. சாணம் மெழுகிய தரையானால் அந்த இடத்தைச் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி மெழுகுங்கள். வாடை இருக்கும்வரை குட்டி அதே இடத்தைத் தேடி வரும்.

காவலுக்கு அடித்தளம் விழுவது மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரையான காலத்தில்தான். அந்தப் பருவத்தில் பயமில்லாமல் பார்த்துப் பழகியதையெல்லாம் நாய் ஆயுசுக்கும் தன் உலகத்தைச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்கிறது. பார்க்காமல் போனவை பின்னாளில் அதற்கு அச்சம் தரும், அல்லது துரத்தத் தோன்றும். ஆகவே ஆடு, கோழி, மாடு, சின்னப் பிள்ளைகள், தடி ஊன்றி நடக்கும் பெரியவர், பைக் சத்தம், மேளச் சத்தம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். ஆட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, துரத்தாமல் இருந்தால் ஒரு வாய் தீனி கொடுங்கள். துரத்தினால் அடிக்காமல் தூக்கிக்கொண்டு விலகுங்கள். ஆட்டோடு வளர்ந்த குட்டி, பெரிதான பிறகு ஆட்டைத் தன் கூட்டமாக நினைத்துக் காக்கும்.

மனிதருக்கும் காவல் நாய்க்குமான உறவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மலையடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்கள் பேர்போனவை. அவற்றில் எடத்தனூர்க் கல் ஒன்று, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது; 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இறந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற பெயர்கொண்ட அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்க்காரர்கள் அதை எவ்வளவு நெருக்கமாக வைத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

குட்டியை இப்படிப் பழக்கும் அதே மாதங்கள்தான் நோய்க்கும் ஆபத்தானவை. ரத்தத்தோடு பேதியாகிக் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதற்குப் பெரும்பாலும் பார்வோ வைரஸ் காரணம். அது மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். போன குட்டி அப்படிச் செத்த வாசலுக்குத் தடுப்பூசி போடாத புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதம் நிறைந்ததும். அதன்பின் மருத்துவர் சொல்லும் தேதிகளில். பூச்சி மருந்தை இரண்டு வார வயதிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் வயிற்றுப் புழு தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடுகிறது. ஊசி முடியும்வரை வெளியே காட்டவேண்டியதைக் கையில் தூக்கிவைத்துக் காட்டுங்கள். ஊர் நாய்கள் மலம் கழிக்கும் இடத்தில் இறக்கிவிட வேண்டாம்.

குட்டிதானே என்று கீறலை அலட்சியம் செய்யக் கூடாது. சிறு குட்டிக்கும் வெறிநோய் இருக்க முடியும். பல்லோ நகமோ பட்டுக் கீறினாலே, ரத்தம் வராவிட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். நோய் முற்றி அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

சாப்பாட்டுக்கு வருவோம். கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் வயிற்றை நிரப்பும், ஆனால் வளரும் குட்டிக்கு அவை மட்டும் போதாது. வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, மீன், கொஞ்சம் தயிர் என்று ஏதாவது தினமும் சேரட்டும். மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை. பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியைக் கொடுக்கும். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்திவிடும்.

உண்ணிக்கு வயலில் அடிக்கும் மருந்தை நாய் உடம்பில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நாய் தன் மயிரை நக்கும், அந்த விஷம் நேராக வயிற்றுக்குள் போகும். கால்நடை மருத்துவரிடம் கேட்டால் நாய்க்கென்றே இருக்கும் மருந்தைச் சொல்வார்.

காட்டுக்குள் கூட்டிப்போகும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். நாயை விட்டு முயல், பன்றி பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைவிடக் கவலைக்குரியது, நாயின் நோய் காட்டு விலங்குக்கும் போகும் என்பது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் மலைக் காட்டின் நரிக்கும் சிறுத்தைக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

ஊசிக்காக ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவது கூலி நாளைத் தின்னும் வேலை என்பது உண்மைதான். அதனால் தனித்தனியாகப் போக வேண்டாம். ஊரில் எத்தனை வீட்டில் குட்டி இருக்கிறது என்று விசாரித்து ஒன்றாகச் சேருங்கள். கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணில் கூப்பிட்டு, மலைக்கு எந்த நாளில் வருவார்கள் என்று கேளுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்திலும் ஒரு முகாம் வேண்டும் என்று கேட்டு வையுங்கள். உங்கள் குட்டிக்கு எட்டு வாரம் ஆவதற்குள் அந்த ஒரு அழைப்பை முடித்துவிடுங்கள்.