படிப்பு மலையடிவாரத்தில், வேலை மாநகரத்தில்

சித்தூர், திருப்பதி வட்டாரம் ஆண்டுதோறும் கம்ப்யூட்டர் இன்ஜினியர்களை உருவாக்குகிறது. அவர்களை ஊரில் இருத்திக்கொள்ளத்தான் வழியில்லை.

ஸ்ரீசிட்டியில் உள்ள இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தின் பெயரோடு இன்னமும் 'சித்தூர்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது அந்த இடம் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் உள்ள பெருநகரமோ சென்னை. 55 கி.மீ. தொலைவுதான். பெயர் ஓரிடம், இருப்பு ஓரிடம், பார்வை வேறிடம். இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் இளைஞர்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

படிப்புக்கு இங்கே பஞ்சமில்லை. 1954-ல் பிறந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1959-லேயே இன்ஜினியரிங் கல்லூரி தொடங்கியது. பெண்களுக்கென்று 1983-ல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. 1990-களில் தனியார் களமிறங்கினார்கள். நடிகர் மோகன்பாபுவின் வித்யாநிகேதன் இன்ஜினியரிங் கல்லூரி 1996-ல் எழுந்தது. 2022-ல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகமாகிவிட்டது. சித்தூரிலும் அதே காலத்தில் தனியார் கல்லூரிகள் முளைத்தன. மாந்தோப்புக்கும் கரும்புக்கும் பேர்போன மண்ணில் கம்ப்யூட்டர் ஒரு புதிய பயிர்.

அந்தப் பயிருக்கு விதை போட்டவரும் இந்த மண்ணின் மைந்தர்தான். திருப்பதிக்கு அருகே நாராவாரிபள்ளியில் பிறந்து, வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த சந்திரபாபு நாயுடு 1995-ல் முதல்வரானார். ஆனால் அவர் கட்டியெழுப்பிய 'ஹைடெக் சிட்டி' இருந்தது தலைநகர் ஹைதராபாத்தில். 1998 நவம்பரில் பிரதமர் வாஜ்பாய் அங்கே சைபர் டவர்ஸைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட்டின் மையமும் அங்கே அமைந்தது. சித்தூர் மாவட்டத்துக்குக் கிடைத்தது, அங்கே போய் வேலை தேடும் ஆசை.

நாயுடுவின் சொந்தத் தொகுதி குப்பத்துக்கு மட்டும் ஒரு வாய்ப்பு வந்தது. 2002-ல் எச்.பி. நிறுவனம் அங்கே 'ஐ-கம்யூனிட்டி' என்ற பரிசோதனையைத் தொடங்கியது. கிராமங்களில் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. சுய உதவிக் குழுப் பெண்கள் டிஜிட்டல் கேமராவும் கையடக்கப் பிரின்டருமாகப் படம் எடுத்துச் சம்பாதித்தார்கள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அந்த ஊரை உலகப் பத்திரிகைகள் எட்டிப்பார்த்தன. சில ஆண்டுகளில் நிறுவனம் விலகிக்கொண்டது. பெரிய சாஃப்ட்வேர் தொழில் எதுவும் அங்கே வேர் பிடிக்கவில்லை.

சான்றிதழும் சம்பளமும்

ராஜசேகர ரெட்டியின் ஆட்சியில் (2004-09) கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் விரிவடைந்தது. கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் இன்ஜினியரிங் கல்லூரி வாசலை மிதித்தது. இது சாதாரண மாற்றமல்ல. ஆனால் அரசுப் பணத்தை நம்பிக் கல்லூரிகளும் பெருகின. பணம் வரத் தாமதமானால் சான்றிதழ் வாங்கக் காத்திருப்பவர் மாணவர்தான்.

எல்லோருக்கும் வேண்டியது கம்ப்யூட்டர் சயின்ஸ். கலந்தாய்வில் முதலில் நிரம்புவது அதுதான். மெக்கானிக்கலிலும் சிவிலிலும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அவற்றைப் படித்தவர்களும் கடைசியில் சாஃப்ட்வேர் தேர்வுதான் எழுதுகிறார்கள்.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் இங்கே வருவதில்லை? சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் புதிதாகப் படித்து வருபவர் மட்டும் போதாது. பத்து ஆண்டு அனுபவமுள்ள மேலாளர் வேண்டும், வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்து இறங்க விமானம் வேண்டும். ஊழியருக்கோ இந்த வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி வேண்டும். சென்னையும் பெங்களூரும் சாலை வழியே சில மணி நேரத் தொலைவில் இருக்கையில், திருப்பதியில் கடை விரிக்கக் கம்பெனிகளுக்கு அவசியம் ஏது?

தொழிற்சாலைகள் வராமலில்லை. ஸ்ரீசிட்டியில் 2015-ல் ஃபாக்ஸ்கான் செல்போன் தயாரிக்கத் தொடங்கியபோது கிராமத்துப் பெண்களுக்குப் பெருமளவில் வேலை கிடைத்தது. ஆனால் அது உதிரிபாகங்களைப் பொருத்தும் வேலை, பி.டெக். படித்தவர் எதிர்பார்த்தது அதுவல்ல.

2014-ல் மாநிலம் பிரிந்து ஹைதராபாத் தெலங்கானாவிடம் போனதும் இந்த வலி கூடியது. ஈடாகச் சில பரிசுகள் கிடைத்தன. சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டலில் 2015-ல் திருப்பதி ஐ.ஐ.டி. தொடங்கியது. ஏர்பேட்டில் அதன் நிரந்தர வளாகத்தை 2024 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் அதன் வாசல் இந்தியா முழுமைக்கும் பொது. பக்கத்து கிராமத்துப் பிள்ளைக்குத் தனி வழி கிடையாது.

எல்லையோரத் தமிழர்கள்

நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் என்று நீளும் இந்த எல்லையில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. இவை ஆந்திரத்தில் உள்ளன. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சென்னை அந்நிய ஊரல்ல. தமிழும் தெலுங்கும் தெரிவதால் தென்னிந்தியாவில் எங்கும் சமாளித்துக்கொள்கிறார்கள். ஆனால் கல்லூரிச் சேர்க்கை என்று வந்தால் அவர்கள் ஆந்திர மாணவர்கள். சித்தூரிலிருந்து வேலூர் 35 கி.மீ.தான் என்றாலும் தமிழக அரசுக் கலந்தாய்வு அவர்களுக்கு அயல் வீடு.

மாநகரத்திலும் நிலைமை முன்போல் இல்லை. 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ். ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது, இன்ஃபோசிஸில் 25,994. பெரிய கம்பெனிகளில் புதியவருக்கான ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அது பெரிதாக உயரவில்லை. வீட்டு வாடகையோ உயர்ந்துகொண்டே போகிறது. ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம்.

ஒரே ஒருமுறை நிலைமை தலைகீழானது. 2020-ல் கொரோனா வந்தபோது இளைஞர்கள் லேப்டாப்புடன் ஊர் திரும்பினார்கள். அமெரிக்க வங்கியின் கணக்கைச் சித்தூர் வீட்டுத் திண்ணையிலிருந்தே சரிபார்க்க முடிந்தது. வேலைக்கு மாநகரம் கட்டாயமில்லை என்று அப்போது நிரூபணமாயிற்று. பிறகு கம்பெனிகள் கூப்பிட்டன, பிள்ளைகள் மூட்டை கட்டினார்கள்.

புதிதாக இன்னொரு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டுவது எளிது. படித்து முடித்தவருக்கு உள்ளூரில் ஒரு நாற்காலி போடுவதுதான் கடினம். திருப்பதிக்கு உலகமே வந்து போகிறது. அங்கே பிறந்து படித்தவர்கள் மட்டும் போகத்தான் வேண்டியிருக்கிறது.