கொல்லைப்புறத்தில் ஒரு மில்லிங் மெஷின்

திருச்சி இரும்பைச் சீவிப் பிழைத்த ஊர். பொன்மலை ரயில்வே பணிமனை 1928 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. 1965-இல் திருவெறும்பூர் பக்கம் பெல் கொதிகலன் ஆலை வந்தது, அடுத்த ஆண்டே துப்பாக்கித் தொழிற்சாலை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகக் கட்டிக்கொடுத்த கைகள் பொன்மலையில் இருக்கின்றன, அதுவும் இந்த நூற்றாண்டில். இப்படிப்பட்ட ஊரில், ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுக்கிறவர்கள் வீட்டில் ஒரு சின்ன லேத்து வைத்துக்கொள்வதில் வியப்பில்லை. அடுத்த ஆசை மில்லிங் மெஷின்.

லேத்தில் வேலைப்பொருள் சுற்றும், டூல் நிற்கும். மில்லிங்கில் கட்டர் சுற்றும், வேலைப்பொருள் டேபிளோடு நகரும். சாவிக்காடி வெட்டவும், பல்சக்கரம் போடவும், ஒரு பரப்பைச் சமமாக்கவும் லேத்து மட்டும் போதாது. டிரில் பிட்டில் சுருளாக ஓடுகிற அந்தக் காடியை வெட்டத்தான் 1862-இல் அமெரிக்காவில் ஜோசப் பிரௌன் யுனிவர்சல் மில்லிங் மெஷினைச் செய்தார். அதுவரை ரம்பப் பல் அராவுவதுபோல அதையும் அரத்தால் கையாலேயே அராவிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் முதல் சிக்கல் வாசலிலேயே தொடங்கிவிடும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ரயில்பெட்டிபோல நீளும் பழைய வீட்டில், பட்டறைக்கு ஏற்ற இடம் கொல்லைதான். பட்டறைக்காரர்கள் எம்1டிஆர் என்கிற டரெட் மில்லிங் மெஷின் ஏறத்தாழ ஒரு டன். அதை ரேழி வழியாக உருட்டிப்போக வேண்டும் என்றால் தலையைக் கழற்றி, டேபிளைக் கழற்றி, செயின் பிளாக் போட்டு, குழாய்களை அடியில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொல்லைக்குப் பின்தெரு வழி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணல் மேல் நிற்கிற ஊர் என்பதால், வெறும் தரையில் வைத்தால் நாளடைவில் ஒரு மூலை அமுங்கும். கான்கிரீட் தளம் போட்டு, ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமன் பார்த்துவிட்டு இறக்குவது நல்லது. ஐப்பசி ஈரத்தில் எண்ணெய் காட்டாத டேபிள் ஒரே வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும்.

இவ்வளவு இடமில்லாதவர்களுக்கு மேசை மேல் வைக்கிற சின்ன மில்லிங் மெஷின் இருக்கிறது. வீட்டு பிளக்கிலேயே ஓடும். அலுமினியம், பித்தளைக்குப் போதும். இரும்பில் ஆழமாக வெட்டினால் உடம்பே நடுங்கும். என் கணக்கில், இடம் மட்டும் இருந்தால் பழைய கனமான மெஷின்தான் மேல்.

பழைய மெஷின் வந்து இறங்கியதும் இரண்டாவது சிக்கல், மின்சாரம். அதன் மோட்டார் மும்முனை. வீட்டில் இருப்பது ஒருமுனை. மேல்நாட்டு வீட்டுப் பட்டறைப் புத்தகங்கள் இந்த இடத்தில் பக்கம் பக்கமாகப் புலம்பும். அங்கே பல குடியிருப்புத் தெருக்களில் வீட்டுக்கு த்ரீ பேஸ் கிடைப்பதே அரிது. நம் ஊரில் கதை வேறு. வாசலுக்கு எதிரே நிற்கிற கம்பத்திலேயே மூன்று பேஸும் நியூட்ரலும் ஓடுகின்றன. ஏ.சி. போட்ட வீடுகள் பலவற்றில் ஏற்கெனவே த்ரீ பேஸ் மீட்டர் இருக்கிறது. அப்படி இருந்தால் ஸ்டார்ட்டரோடு ஒரு சிங்கிள் பேஸிங் பிரிவென்டரைச் சேர்த்து மாட்டினால் முடிந்தது. அந்தச் சின்னப் பெட்டியை மிச்சம் பிடிக்கக் கூடாது. ‘ஒரு பேஸ் போயிடுச்சு’ என்று தெருவில் குரல் கேட்பதற்குள் மீதி இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே மோட்டார் கருகிவிடும்.

மீட்டர் சிங்கிள் பேஸ்தான் என்றால் இரண்டு வழி. ஒன்று, காவிரிக்கரை விவசாயிகளுக்குப் பழக்கமான கன்டென்சர் வழி. மும்முனை வராத நேரத்தில் பம்புசெட்டை ஓட்டிப் பார்த்தவர்கள் மில்லிங்கிலும் அதைச் செய்யலாம் என்பார்கள். ஓடும்தான். ஆனால் முழு பலம் வராது, மோட்டார் சூடாகும், அதன் அதிர்வு கட்டர் வழியாக வேலைப்பரப்பில் வரிவரியாக இறங்கும். தண்ணீருக்குப் பரப்பு இல்லை, இரும்புக்கு இருக்கிறது.

மற்றது வி.எஃப்.டி. டிரைவ். ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி, மும்முனை 230 வோல்ட்டாகக் கொடுக்கும். மோட்டாருக்கோ 415 வேண்டும். இங்கேதான் நேம் பிளேட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். பொதுவாக நம் நாட்டு மோட்டார்களில் 2 எச்.பி. வரை ஸ்டார் இணைப்பு, 3 எச்.பி.யிலிருந்து டெல்டா. ஸ்டாரில் 415 வோல்ட்டுக்குக் கட்டிய மோட்டாரை டெல்டாவாக மாற்றினால் 240 வோல்ட்டில் முழு பலத்தோடு ஓடும். டெர்மினல் பாக்ஸைத் திறங்கள். ஆறு முனைகள் இருந்தால் பித்தளைப் பட்டைகளை மூன்று நேர்க்கோடுகளாக மாற்றிப் போட்டால் போதும். மூன்றே முனைகள் என்றால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் புதைந்திருக்கிறது. காயில் கட்டுகிற கடையில் கொடுத்து வெளியே இழுக்கச் சொல்ல வேண்டும். பிறப்பிலேயே டெல்டாவான 3 எச்.பி. மோட்டாருக்கு இந்த வித்தை செல்லாது. 230-இல் ஓட்டினால் இழுவிசை மூன்றில் ஒரு பங்காகச் சரியும்.

டிரைவுக்குத் தனி லைன், தனி எம்.சி.பி., நல்ல எர்த் வேண்டும். மெஷினில் உள்ள பழைய முன்-பின் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே விட்டுவைக்கக் கூடாது. ஓட்டத்தில் ஒருமுறை திருப்பினாலே டிரைவ் போய்விடக்கூடும். ஓட்டமும் நிறுத்தமும் டிரைவின் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகத்தான். குறிப்பிடத்தக்க ஒரு லாபம்: வேகத்தைக் குமிழ் திருகி மாற்றலாம், பெல்ட் மாற்ற வேண்டாம். ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டரால் சாதா இரும்பை நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டினால், 10 மி.மீ. கட்டருக்கு ஏறத்தாழ 800 சுற்று, 20 மி.மீ.க்கு 400. அதற்காக 15 ஹெர்ட்ஸில் மணிக்கணக்கில் ஓட்டக் கூடாது. மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால் சுற்று குறைந்தால் காற்றும் குறையும்.

இனி சாமான்கள். மெஷினுக்குக் கொடுத்த விலையைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் இங்கே மௌனமாவார்கள். ஒரு நல்ல வைஸ், கோலட் செட், டி-நட்டுகளோடு கிளாம்ப் செட், டயல் கேஜ், சில எண்ட் மில்கள். முதல் பணம் வைஸுக்குப் போகட்டும். தாடை தூக்கிக்கொள்கிற வைஸில் எந்தக் கட்டரும் சதுரம் வெட்டாது. கோலட் வாங்கும் முன் ஸ்பிண்டில் டேப்பர் ஐ.எஸ்.ஓ. 30-ஆ, 40-ஆ, ஆர்8-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிவைடிங் ஹெட் பிறகு வாங்கலாம். அதில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைப்பொருள் ஒரு சுற்று வரும். 32 பல் சக்கரத்துக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒன்றேகால் சுற்று. பழைய மெஷினில் ஸ்க்ரூ தேய்ந்து ஆட்டம் இருக்கும். கட்டர் சுற்றுகிற திசைக்கு எதிராகவே டேபிளை ஊட்டுங்கள். அதன் போக்கிலேயே விட்டால் டேபிளையே இழுத்துக்கொண்டு போய்க் கட்டரை உடைக்கும்.

பொழுதுபோக்குக்கு ஓட்டும்வரை வீட்டு இணைப்பு போதும். பக்கத்துத் தெருப் பட்டறைக்குக் கூலிக்குச் செய்யத் தொடங்கினால் அது வீட்டு உபயோகம் ஆகாது. குடிசை மற்றும் குறுந்தொழில்களுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. மின்பளு 12 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு அது தாராளம். விண்ணப்பத்தில் ஸ்பிண்டில் மோட்டாரை மட்டும் எழுதிவிட்டு, கூலண்ட் பம்பை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் மும்முனை மோட்டார்தான். டிரைவ் வழி போகிறவர்கள் அதற்குப் பதில் ஒரு சிங்கிள் பேஸ் பம்பு வாங்கி மாட்டிக்கொள்வதே சுலபம்.