பிள்ளைக்கு ஒரு பழைய கார்

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது என்பதை அறிய ஜாதகத்தை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாள் இராச் சாப்பாட்டு வேளையில், "அப்பா! காலேஜுக்குப் போய் வர ஒரு பழைய கார் வாங்கினால் என்ன?" என்று ஒரு கேள்வி கிளம்பும். கேட்பது பிள்ளையாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். தகப்பனார் உடனே பாங்கியில் இருப்பு எவ்வளவு என்று மனக்கணக்குப் போடுகிறார். தாயார் பதில் சொல்லாமல் ரசத்தைப் பரிமாறுகிறார். அவர் மனத்தில் ஓடுவது வேறு கணக்கு.

அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். பழைய கார் வாங்கும் வீடுகளில் விலை, நிறம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்ற நான்கு விஷயங்களும் நன்றாக அலசப்படுகின்றன. 'இந்த வண்டி எதன் மீதாவது மோதினால் உள்ளே இருக்கும் குழந்தை பிழைக்குமா?' என்ற ஐந்தாவது கேள்வி மட்டும் அபசகுனம் என்று ஒதுக்கப்பட்டு விடுகிறது. நம் அபிப்பிராயத்தில் அதுதான் முதல் கேள்வி.

முதலில் சட்டம்

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி கார் ஓட்டுவதற்கு 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். முதலில் பழகுவதற்கான எல்.எல்.ஆர். பெற வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் கழிந்த பிறகே நிரந்தர லைசென்ஸுக்குப் பரீட்சை கொடுக்கலாம்.

"பக்கத்துத் தெரு வரைதானே!" என்று பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்து மகிழும் தந்தையர் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, வயது நிரம்பாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலரோ வண்டியின் சொந்தக்காரரோ பொறுப்பாளி ஆவார். மூன்று வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தச் சிறுவர் 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் பெற முடியாது. ஆகையால் லைசென்ஸ் முந்தி, கார் பிந்தி என்பதே முறை.

எப்படிப்பட்ட வண்டி?

இளம் வயதினருக்குக் கண் கூர்மை உண்டு. கை கால் சுறுசுறுப்பும் உண்டு. அவர்களுக்கு இல்லாதது அநுபவம் ஒன்றே. லைசென்ஸ் பெற்ற முதல் சில மாதங்களிலேதான் விபத்து அதிகம் என்பது பல தேசங்களில் ஆராய்ந்து கண்ட உண்மை. எதிரே வரும் லாரி எவ்வளவு வேகத்தில் வருகிறது, மழைச் சாலையில் எவ்வளவு தூரத்துக்கு முன்பே பிரேக் போட வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் வருவதில்லை.

இத்தகையவருக்கு அதிக சக்தியுள்ள எஞ்சின் வேண்டாம். மோதலின் பலம் வேகத்தைப் போல் நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. அதன் வர்க்கத்தைப் போல் ஏறுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் கார் 80 கிலோமீட்டரை எட்டினால் வேகம் இரண்டு மடங்கு. மோதும் சக்தியோ நான்கு மடங்கு. விளம்பரங்களில் 'டர்போ' என்று பெருமையாகப் போடப்படும் வண்டிகள் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு தாமே சம்பாதித்து வாங்கிக் கொள்ளட்டும்.

அதற்காக இருப்பதிலேயே மிகச் சிறிய, மிக இலேசான காரைத் தேடுவதும் சரியன்று. கனமான வண்டியோடு மோதும் போது இலேசான வண்டியே அதிக அடி படுகிறது. நடுத்தர அளவுள்ள, சாதுவான எஞ்சினுள்ள, நாலு பக்கமும் நன்றாகப் பார்வை தெரியும் வண்டியே மேல். காலேஜுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுவதானால் பெட்ரோல் வண்டி போதும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீஸல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்து கொள்ள வழியின்றி அடைத்துக் கொள்ளும்; சிகிச்சைச் செலவும் அதிகம்.

பெயர் ஒன்று, வண்டி வேறு

2014-ம் வருஷத்தில் 'குளோபல் என்.சி.ஏ.பி.' என்னும் ஸ்தாபனத்தார், இந்தியாவில் அதிகமாக விற்பனையாகி வந்த ஐந்து கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது மோதவிட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றில் ஒன்றையே இரண்டு காற்றுப் பைகள் வைத்த வகையில் மோதவிட்ட போது நான்கு நட்சத்திரம் பெற்றது. பெயர் ஒன்று, உருவம் ஒன்று. ஆயினும் ஒன்றில் உயிருக்கு அபாயம், மற்றொன்றில் நல்ல பாதுகாப்பு! 2018 டிஸம்பரில் டாட்டா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்று, நம் நாட்டில் செய்த வண்டியாலும் அது முடியும் என்று காட்டியது. 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்.சி.ஏ.பி.' என்று நம் சர்க்காரே இச்சோதனையை நடத்தி வருகிறது.

எனவே "அந்தக் கார் நல்ல கார்" என்று யாராவது சொன்னால், "எந்த வருஷத்தது? எந்த வகை?" என்று கேட்க வேண்டும். நேயர்கள் சில தேதிகளைக் குறித்துக் கொள்வது நலம். சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். என்னும் சாதனம் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. ஓட்டுகிறவருக்கு எதிரே காற்றுப் பை, பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் மணி, வேகம் மிஞ்சினால் எச்சரிக்கும் ஒலி ஆகியவை 2019 ஜூலை முதல் கட்டாயமாயின. பக்கத்து ஆசனத்துக் காற்றுப் பை 2021-ம் வருஷ முடிவுக்குள் எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமாயிற்று. ஆகவே 2022-ல் அல்லது அதற்குப் பின் செய்யப்பட்ட வண்டி கிடைத்தால் உத்தமம். 2019 ஜூலைக்குப் பிந்தியது மத்திமம். அதற்கு முந்தியதானால் காற்றுப் பையும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள உயர்ந்த வகையாக இருந்தாலன்றித் தொட வேண்டாம். பதிவான தேதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. செய்யப்பட்ட மாதமும் வருஷமும் ஆர்.சி.யில் தனியாக இருக்கும்.

கண்ணால் பார்ப்பது

வண்டியைப் பகல் வெளிச்சத்திலே பார்க்க வேண்டும். மழை நாளில் பார்க்கலாகாது. நனைந்த வண்டி எல்லாம் புது வண்டி போல் மினுக்கும். கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் காந்தத் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் வைத்துக்கொண்டே செல்லுங்கள். பிடிப்புத் தளர்கிற இடத்தில் டிங்கரிங் செய்து பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். (பம்பர் பிளாஸ்டிக் ஆனதால் அங்கே காந்தம் ஒட்டாது, அதற்காக விற்பவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.) கதவில் ஒரு கீறலை மறைத்த பட்டியினால் பாதகமில்லை. பானெட்டுக்கு அடியில் உள்ள நீண்ட சட்டங்களிலும், கதவைத் தாங்கும் தூண்களிலும் வெல்டிங் தழும்பு இருந்தால் மட்டும் நமஸ்காரம் போட்டுவிட்டுத் திரும்பி விடலாம். மோதலைத் தாங்க வேண்டிய எலும்பு ஒருமுறை முறிந்த வண்டி அது.

சாவியைத் திருப்பியதும் காற்றுப் பையின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிடச் சந்தேகம். வெடித்துப்போன பையை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம்.

சென்னையில் 2015 டிஸம்பரிலும் 2023 டிஸம்பரிலும் வந்த வெள்ளங்களில் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து, வாசனைத் திரவியம் தெளித்து, வெளியூர்ச் சந்தைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடி நுனியில் சேற்றுக் கறை இருந்தால் விஷயம் வெளிப்பட்டு விடும். தரை விரிப்பைத் தூக்கி ஆசனத்து ஆணிகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பு விளக்கினுள் நீர்ப் பனி படிந்திருப்பதும் நல்ல அறிகுறியன்று.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். '2321' என்றால் 2021-ம் வருஷத்து 23-வது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே உதவாது. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மீட்டரில் முப்பதினாயிரம் கிலோமீட்டரும், பிரேக் மிதியின் ரப்பரில் தேய்ந்து வழவழத்த தடமும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ரப்பர் பொய் சொல்லாது.

ஓட்டிப் பார்ப்பது

போனவுடன் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டித் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே பரீட்சை. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அடர்ந்த வெள்ளைப் புகை இனிப்பு வாடையுடன் விடாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற வெண் படலம் படிந்திருந்தாலும் யோசிக்க வேண்டியதே.

அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைந்து, வேகம் மட்டும் ஏறாவிடில் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. சமதளச் சாலையில் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாகாது. முக்கியமாக, ஓட்டப் போகும் பிள்ளையையே லைசென்ஸுடன் அழைத்துச் சென்று அமர்த்திப் பார்க்க வேண்டும். கால் கிளட்ச் வரை எட்டுகிறதா, கண்ணாடிகளில் பின்புறம் தெரிகிறதா என்று தகப்பனார் தம் உயரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. கடைசியாக உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவருடைய மெக்கானிக் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் அவர் விற்பவருடைய மெக்கானிக்.

காகிதங்கள்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப் பாருங்கள். மத்திய சர்க்காரின் 'பரிவாஹன்' தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு, இன்ஷூரன்ஸ், கடன் பற்று முதலியவை தெரியும். கட்டாத அபராதங்களையும் அறியலாம். ஃபைனான்ஸில் வாங்கிய வண்டியானால் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35-ம் நம்பர்ப் பாரம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய பாரங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'சௌகரியம் போல் மாற்றிக் கொள்ளலாம்' என்னும் புரோக்கரின் வார்த்தை அவருடைய சௌகரியத்தைப் பற்றியது.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழைய சொந்தக்காரரின் 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: சொந்தக்காரருக்கென்று கட்டாயமாக உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு சொந்தக்காரருக்கு மட்டுமே. வண்டி தகப்பனார் பெயரில் இருந்து பிள்ளை ஓட்டினால் பிள்ளைக்கு அது பொருந்தாது. சொற்பத் தொகை சேர்த்துக் கட்டி வண்டியில் செல்பவர்களுக்கும் காப்புப் பெறலாம்.

கையிருப்பும் கட்டுப்பாடும்

நான்கு லட்சம் ரூபாய் இருந்தால் நான்கு லட்சத்துக்குக் கார் வாங்கக் கூடாது. மூன்றரைக்கு வாங்கி, மீதியில் வந்தவுடனே பிரேக், டயர், பாட்டரி, ஆயில் எல்லாவற்றையும் சீர் செய்து விட வேண்டும். பழைய பிரேக்குடன் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று ஓட்டுவது எந்த வீட்டுக்கும் லாபமில்லை.

நியூஜிலாந்து தேசத்தார் 1987-ம் வருஷத்திலேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் சிறிது காலம் இரவு நேரத்திலும், சிநேகிதர்களை ஏற்றிக் கொண்டும் தனியே ஓட்டலாகாது. பிறகு பல நாடுகள் இதைப் பின்பற்றின. ஒத்த வயதினர் உடன் இருக்கும்போது இளைஞருக்கு விபத்து அதிகமாகிறது என்பதே காரணம். நம் நாட்டில் சட்டம் இதைச் சொல்லவில்லை. ஆனால் வீடு சொல்லலாம். முதல் ஆறு மாதம் இரவுப் பிரயாணம் இல்லை, நண்பர் கூட்டம் இல்லை, ஓட்டும்போது டெலிபோன் இல்லை, பின் ஆசனத்தில் இருப்பவர் உள்படப் பெல்ட் போடாமல் வண்டி நகர்வதில்லை. இந்த நாலு நிபந்தனைகளையும் சாவி கொடுக்கும் முன் பேசி முடித்துவிட வேண்டும். கொடுத்த பிறகு பேசினால் அது சச்சரவாகவே முடியும்.

அந்தப் பெல்ட்டை மூன்று முனையுடையதாக 1959-ல் அமைத்தவர் வால்வோ கம்பெனியின் என்ஜினீயர் நில்ஸ் போலின். அந்தக் கம்பெனி தன் உரிமையைக் கட்டி வைத்துக் கொள்ளாமல் மற்றவர்களும் உபயோகிக்க விட்டது. காற்றுப் பையும் பெல்ட்டோடு சேர்ந்தே காப்பாற்றும். பெல்ட் இல்லாதவரை அதுவே காயப்படுத்தவும் கூடும். தகப்பனார் தாம் ஓட்டும்போது பெல்ட்டைத் தோளில் போட்டுக் கொள்ளாமல் முதுகுக்குப் பின்னால் மாட்டி வைத்தால், பிள்ளை கற்றுக் கொள்வது அதைத்தான். ஆகவே புது வண்டியின் சாவியை ஒப்படைப்பதற்கு முன், பெற்றோர் ஒரு மாதம் தங்கள் பழக்கத்தைத் திருத்திக்கொண்டு, இன்னொரு மாதம் பக்கத்து ஆசனத்தில் பொறுமையாக உட்கார்ந்து வர வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ரசம் பரிமாறிய தாயாரும் அதற்குப் பிறகு நிச்சயம் சம்மதம் தருவார்.