உறங்கும் முன் ஓர் உத்தரவு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

கணிப்பொறியைத் தொடாத மாணவர் இன்று நம் கல்லூரியில் இல்லை எனலாம். ஆயினும், அதில் செருகிய பென் டிரைவை எப்பொழுது உருவலாம், எப்பொழுது உருவக்கூடாது என்பதை அறிந்தோர் சிலரே.

மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். நிலத்தடி நீரின் உப்புத்தன்மை குறித்து ஊர் ஊராகச் சென்று எடுத்த அளவீடுகள் அவருடைய டிரைவில் இருந்தன. ஒருநாள் மடிக்கணினியை மூடி உறங்கவிட்டு, டிரைவை உருவிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குச் சென்றார். கடைக் கணிப்பொறியிலேயே பக்க எண்களைத் திருத்தினார். திரும்பி வந்து, பழைய இடத்திலேயே செருகி, மடிக்கணினியைத் திறந்து, மேலும் ஓர் அட்டவணையைச் சேமித்தார். அடுத்த முறை பார்த்தபோது கோப்புகளின் பெயர்கள் யாவும் புரியாத குறிகளாகிக் கிடந்தன. கையெழுத்து நோட்டில் பாதி அளவீடுகள் இருந்தன. மீதிக்கு மறுபடியும் மிதிவண்டியை எடுத்தார்.

காரணம் யாது? நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்வோம். எடை போட்டவுடன் முதலில் சீட்டில் குறிப்பார்கள். பேரேட்டில் ஏற்றுவது பிறகு. கணிப்பொறியும் அவ்வாறே. நாம் 'சேமி' என்றதும் தகவலை நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. டிரைவில் எழுதுவது சற்றுப் பொறுத்துத்தான். லினக்ஸ் பொறிகள் வழக்கமாக உறங்குமுன் இந்தப் பாக்கியை எழுதி முடித்துவிடும். எனவே சீட்டு தொலைவதன்று இங்கே பெரிய ஆபத்து. டிரைவில் எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்னும் அட்டவணையின் ஒரு நகல், உறக்கத்திலும் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது. விழித்ததும் அதே டிரைவின் அடையாளத்தைக் கண்டால், 'இது எங்கும் போகவில்லை' என்று பொறி நம்பிவிடும். இடையில் கடையில் மாறியதை அது அறியாது. பழைய அட்டவணையைப் புதியதன் மேல் எழுதிவிடும்.

இதற்கு மருந்து, உறங்குமுன் டிரைவை முறைப்படி விடுவித்தல். மனிதன் மறப்பான், ஆகவே அப்பொறுப்பைப் பொறியிடமே ஒப்படைக்கலாம்.

'சிஸ்டம்டி' உள்ள இன்றைய லினக்ஸ் பொறிகளில் 'சிஸ்டம்-ஸ்லீப்' என்றோர் அடைவு உண்டு. அதில் இயக்கும் உரிமையுடன் நாம் வைக்கும் சிறு நிரல், உறங்குமுன் 'ப்ரீ' என்ற சொல்லுடனும், விழித்தபின் 'போஸ்ட்' என்ற சொல்லுடனும் அழைக்கப்படும். நிரல் முடியும்வரை உறக்கம் காத்திருக்கும். 'ப்ரீ' என்று வந்தால், 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் யூஎஸ்பி வழி இணைந்த வட்டுகளை மட்டும் பொறுக்கி, அவற்றின் ஒவ்வொரு பகுதியையும் 'யுமவுண்ட்' செய்ய வேண்டும். ('அன்மவுண்ட்' என்பதில் ஓரெழுத்து விட்டுப்போனதாக எண்ண வேண்டாம்; கட்டளையின் பெயரே அப்படித்தான்.) சுழலும் தட்டுள்ள வன்வட்டாயின், பிறகு மின்சாரத்தையும் நிறுத்தச் சொல்வது நன்று. அதன் எழுதுமுனை ஒழுங்காக ஒதுங்கிக்கொள்ளும். திடீரென்று உருவினால் அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கும்.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. சி-டாக் உருவாக்கிய அது, டெபியன் லினக்ஸின் கிளை. அக்காலத்துப் பழைய லினக்ஸ் பொறிகளில் 'பிஎம்-யூடில்ஸ்' தொகுப்பின் 'ஸ்லீப்.டி' அடைவு இதே வேலையைச் செய்யும். 'ப்ரீ', 'போஸ்ட்' என்பதற்குப் பதில் 'சஸ்பெண்ட்', 'ரெஸ்யூம்' என்று வரும், அவ்வளவே. விண்டோஸில் 2018-இல் வந்த 1809 பதிப்பு முதல் 'விரைவு நீக்கம்' இயல்பாக அமைந்துள்ளது. அதனால் பாக்கி குறைவு. எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால் அதுவும் காவாது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. டிரைவிலுள்ள கோப்பு ஏதேனும் திறந்திருந்தால் 'யுமவுண்ட்' மறுத்துவிடும். நிரல் தோற்றாலும் பொறி உறங்கியே தீரும்; மூடிய மூடிக்குள் வந்த பிழைச்செய்தியை யார் படிப்பது? வலிந்து விடுவிக்கும் கட்டளைகளும் உள்ளன. அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். என் கருத்தில், திரையில் ஒரு பொத்தான் வைத்துக்கொள்வதே மேல். அதை அழுத்தினால் முதலில் விடுவிக்கும். வெற்றி கிடைத்தால்தான் உறங்கச் சொல்லும். இல்லையேல் எந்தக் கோப்பு திறந்துள்ளதென்று காட்டி நிற்கும். மூடியைப் படக்கென்று மூடிவிடும் நாள்களுக்கு முந்தைய நிரலும் இருக்கட்டும். அது செய்ததையும் செய்யாததையும் ஒரு கோப்பில் நேரத்துடன் எழுதிவைக்கும்படி ஒரு வரி சேர்க்க வேண்டும்.

முதன்முதலில் சோதிப்போர் வெற்று டிரைவில் சோதிக்கவும். நிரலின் வட்டுத் தேர்வு வரியை இருமுறை படிக்கவும். பொறி யூஎஸ்பி வட்டிலிருந்தே இயங்குவதாயின், அந்த வட்டைப் பட்டியலிலிருந்து தவறாமல் நீக்கிவிட வேண்டும்.