இடுப்பெலும்பு முறிவும் எக்ஸ்ரே அளவுகளும்

விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து வரும் நோயாளியைப் பொறுத்தவரை, முறிவு உறுதியாக நிற்பதா, நிலைகுலைந்ததா என்பதே மருத்துவர் முதலில் தீர்மானிக்க வேண்டிய வினா. உறுதியானதாயின் ஓய்வும் படிப்படியான நடைப்பயிற்சியுமே பெரும்பாலும் போதுமானவை. நிலைகுலைந்ததாயின் இரத்தப்பெருக்கால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அறுவை மருத்துவமும் தேவைப்படலாம்.

இடுப்பு ஒரு வளையம் போன்றது. எலும்புகளைப் பிணைத்து நிறுத்துபவை வலிய நார்கள். அவற்றுள் பின்புற நார்களே தலையாயவை. எக்ஸ்ரே படத்திலோ எலும்பு தெரியும், நார் தெரியாது. எனவே எலும்புகளின் விலகலை அளந்து நார்களின் நிலை ஊகிக்கப்படுகிறது. முன்புற இணைப்பு 2.5 செ.மீ.க்கு மேல் விரிந்திருப்பின், பின்புற மூட்டின் முன்பக்க நார்களும் கிழிந்திருக்கும் என்பது நெடுங்காலமாக வழங்கி வரும் அளவுகோல். எல்லா உடல்களும் இவ்வெல்லைக்குக் கட்டுப்படுவதில்லை என்பதை இறந்தோர் உடல்களில் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன.

அளவிலேயே பிழை நேர்வதும் உண்டு. கதிர்க்குழாய் படத்தகட்டுக்கு 100 செ.மீ. மேலே இருப்பதாகக் கொள்வோம். மல்லாந்து படுத்திருப்பவரின் முன்புற இணைப்பு தகட்டிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருந்தால், 2.2 செ.மீ. விலகல் படத்தில் ஏறத்தாழ 2.6 செ.மீ. ஆகத் தோன்றும். எல்லைக்கோட்டின் இப்புறத்தவர் அப்புறத்தவராகிவிடுகிறார்! நோயாளி சற்றே சாய்ந்து படுத்திருந்தாலும், அளப்பவர் வேறொரு புள்ளியைத் தேர்ந்தாலும் எண் மாறும். கணிப்பொறி மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குவரை காட்டுவதால் மட்டும் இக்குறை நீங்கிவிடாது.

இவை அனைத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அடிபட்ட கணத்தில் அகன்று விரிந்த எலும்புகள் படம் எடுக்கப்படுமுன் ஓரளவு தாமே திரும்பி நெருங்கியிருக்கலாம். இரத்தப்பெருக்கைக் குறைக்க இடுப்பைச் சுற்றிப் பட்டையோ துணியோ இறுகக் கட்டுவது முறையான முதலுதவியே. ஆயினும் கட்டுடன் எடுத்த படத்தில் இடைவெளி மறைந்து, கடுங்காயம் எளிய காயமாகத் தோற்றமளிக்கும். சி.டி. ஸ்கேன் பின்புற முறிவுகளை நன்கு காட்டுகிறது. எனினும் அதுவும் அசையாத நிலையின் படமே. உறுதி என்பதோ விசைக்கு உட்படும்போது எலும்பு அசைகிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே ஐயத்திற்கிடமான நேர்வுகளில் மயக்கமருந்து கொடுத்து, இடுப்பைக் கையால் அழுத்தி, அசைவை எக்ஸ்ரே திரையில் நேரே காண்கின்றனர்.

மாவட்ட மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் படத்தில், அது எடுக்கப்பட்டபோது கட்டு இருந்ததா, கதிர்க்குழாய் எவ்வளவு தொலைவில் இருந்தது என்னும் இரு குறிப்புகளை எழுதச் செலவேதுமில்லை. கட்டுக்கு முன் எடுத்த படம் ஏதேனும் இருப்பின் அதனையும் உடன் அனுப்புதல் வேண்டும்.